சத்துக் குறைவு என்று சொல்லிக்கொண்ட காலம்

அண்ணி,

மகளுக்கு வாய்ப்புண். நேற்று மெடிக்கலில் பி காம்ப்ளக்ஸ் வாங்கி வந்திருந்தாள். இன்று காலையில் அவள் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை கூடம் முழுவதும் பரவிவிட்டது. புளித்த மாவும் பழைய தவிடும் சேர்ந்தது போல ஒரு வாசனை. மீனும் டீசலும் ஏறிப்போன மூக்கு என்னுடையது. புதிதாக எதுவும் அதற்குள் சுலபமாக நுழையாது. இது நுழைந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னாப்பா, நாத்தம் தாங்கலியா?" என்றாள் மகள்.

"இல்லம்மா, எனக்குப் புடிக்கும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அவளுக்கு அந்த நாட்கள் தெரியாது. கைக்குழந்தையாக அவள் அப்போது தன் அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டில் இருந்தாள்.

நேரில் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். நம் குப்பத்தில் அண்ணியை யாரும் 'நீங்கள்' என்பதில்லை. எழுத உட்கார்ந்தால் 'நீங்கள்' என்றே வருகிறது. செத்த பிறகு வந்த மரியாதை என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு எதுவும் வரிசையாக வருவதில்லை. கழிமுகத்தில் காலைப் பனி இறங்கியிருக்கும்போது படகுகள் தெரியுமே, அப்படித்தான் வருகிறது. ஒரு படகின் முனை மட்டும் தெரியும். ஒரு ஆளின் தோள் தெரியும். குரல் கேட்கும், ஆள் எங்கே என்று தெரியாது. அப்படி ஒரு பனிக்குள்தான் நாம் இருவரும் ஒரே சமயத்தில் இருந்தோம். நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்களும் அண்ணனும். இந்தப் பக்கம் நானும் என் பாட்டிலும்.

நான் குடித்தது ஊருக்கே தெரியும். அண்ணனின் ஃபைபர் படகில் நான்தான் இன்ஜின் பார்ப்பேன். குடித்துவிட்டு இன்ஜினைத் தொட்டால் கை வெட்டுப்படும் என்று அண்ணன் கத்துவார். கை வெட்டுப்படவில்லை. ஒருநாள் படகிலிருந்து கரைக்குத் தாவும்போது முகத்துவாரத்துத் தண்ணீரில் விழுந்தேன். நீந்தத் தெரிந்தவன் நீந்தவே இல்லையாம். இழுத்துப் போட்டவர்கள் சொன்னார்கள். என் மனைவி அதற்கு முன்பே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

உங்களுக்கு வந்தது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. வாசலைப் பாதி பெருக்கிவிட்டு மீதிப் பாதியில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருப்பீர்கள். பிறகு எப்போது வந்து பார்த்தாலும் அங்கேயே நிற்பீர்கள். குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை சுவர் தாண்டி என் வீட்டுக்கு வரும், உங்களுக்கு வராது. பிள்ளை இல்லாத ஏக்கம் என்று தெருவில் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு என்னிடம் ஒருநாள் சொன்னீர்கள்.

"அதுக்கு அழுது முட்ச்சி எத்தினியோ காலமாச்சி தம்பி. இது அது இல்ல. கண்ணு தொறந்துகினுதான் கீது. பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

உங்கள் அக்கா வந்து உங்களைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். தூக்கமாக இருந்தது, ஆனால் குழம்பு தீயவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வாசல் முழுவதும் பெருக்கத் தொடங்கினீர்கள். அப்போதுதான் மனநோய்ப் பிரிவின் வரிசையில் அண்ணனும் நீங்களும் உட்கார்ந்திருந்ததை நம் தெருப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள். மறுநாள் ஏலத்தில் ஒருவன் அண்ணனிடம், "இன்னா மாமு, வூட்ல பேஜாராமே?" என்று கேட்டான். அண்ணன் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதோடு அவருக்கு அந்த ஆஸ்பத்திரி பிடிக்காமல் போனது.

ஐஸ் கொண்டு வருகிறவர் யாரோதான் ஒரு டாக்டரைப் பற்றி அவரிடம் சொன்னது. திருவொற்றியூரில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய அறை. குடியை நிறுத்துவார், மனச்சோர்வை நீக்குவார், எல்லாம் வைட்டமினாலேயே. நான் தண்ணீரில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, கை நடுக்கம் அடங்கி வீட்டுக்கு வந்திருந்த சமயம். அண்ணன் உங்களையும் என்னையும் ஒன்றாகக் கிளப்பி பஸ்ஸில் ஏற்றினார்.

அந்த டாக்டரின் குரல் எனக்கு இன்றும் கேட்கிறது. தாலாட்டுகிற மாதிரி பேசுவார். சுவரில் ஆரஞ்சுப் பழமும் மீனும் முட்டையும் வரைந்த படங்கள். அண்ணன் என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவங்க மேல எந்தத் தப்பும் இல்லைங்க. மூளையும் ஒரு செடிதான். உரம் இல்லாத செடி வாடும். ரெண்டு பேருக்கும் ஒரே சத்துதான் குறைவு."

அண்ணி, அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். நாற்காலியில் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்த நீங்கள் நிமிர்ந்தீர்கள். நானும் நிமிர்ந்தேன் என்று நினைக்கிறேன். குடிகாரன், பொறுக்கி, குடும்பம் கெடுத்தவன் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அதுதான் பெயர் என்றே ஆகியிருந்தது. சத்துக் குறைந்தவன் என்று ஒரு மனிதர் சொன்னபோது, யாரோ என் தோளிலிருந்து ஈர வலையை இறக்கி வைத்தது போல இருந்தது.

ரோஜா நிறத்தில் ஒரு ஊசி போட்டார். ஒரு பை நிறைய மாத்திரைகள் கொடுத்தார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இதைப் போடுங்கள், உடம்பு சூடாகும், பயப்படாதீர்கள் என்று ஒரு வெள்ளை மாத்திரையைத் தனியாகக் காட்டினார். பெரியாஸ்பத்திரி மாத்திரையைப் பற்றி அண்ணன் கேட்டார். "நாளாவட்டத்துல அதெல்லாம் தேவைப்படாதுங்க" என்றார். இன்றைக்கே நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அண்ணனுக்குக் கேட்டது அதுதான். வீட்டுக்கு வந்ததும் அந்த மாத்திரைகளை ஒரு கவரில் போட்டு அவர் பரணில் எறிந்துவிட்டார்.

அன்று அவர் வேலை இருக்கிறது என்று வழியில் இறங்கிக்கொள்ள, நாம் இருவர் மட்டும் எண்ணூரில் இறங்கினோம். டீக்கடையில் இட்லி சாப்பிட்டோம். வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடற்கரை மணலில் வீட்டைப் பார்த்து நடந்தோம். சூரியன் நமக்குப் பின்னால், புகைபோக்கிகளுக்கு நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. மணலிப் பக்கம் குழாய் உச்சியில் எப்போதும் எரிகிற தீ, வானத்தின் நிறத்தோடு கலந்து எது தீ, எது வானம் என்று தெரியாமல் இருந்தது. வடக்கே துறைமுகத்தின் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. கடல் சத்தமே இல்லாமல் கிடந்தது. அப்போது நீங்கள் சட்டென்று நின்றீர்கள்.

"தம்பி, எம் மூஞ்சி எரியுது."

"எனக்கும்தான் அண்ணி. காது எரியுது."

"அய்ய, நீ தக்காளி மாதிரி கீறே."

"நீ மட்டும் இன்னாவாம்? சங்கரா மீனு மாதிரி கீறே."

நம் கறுத்த முகத்தில்கூட அந்தச் சிவப்பு தெரிந்தது. நெற்றியில் ஆரம்பித்துக் கழுத்து, மார்பு, கை என்று இறங்கியது. எறும்பு ஊர்வது போல அரித்தது. நீங்கள் புடவைத் தலைப்பை நனைத்து முகத்தில் வைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டீர்கள். நான் சிரித்துக்கொண்டே அப்படியே சட்டையோடு அலையில் போய்ப் படுத்தேன். நீங்களும் சிரித்தீர்கள். எந்த வருஷத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு அது என்று எனக்கு ஞாபகம் இல்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடம்பு எரிந்துகொண்டிருக்க, தண்ணீர் குளிர்ந்துகொண்டிருக்க, மேலே நிறம் மாறிக்கொண்டே இருந்த அந்த வானத்தை நான் பார்த்தேன். இத்தனை நாள் குடித்துத் தேடியது இதைத்தானோ என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நமக்குச் சனிக்கிழமைகள் வந்தன. மதியம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவோம். கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவில் பஸ் நகருவதும் நிற்பதும் தொட்டில் ஆடுவது போல இருக்கும். நாம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அரைத் தூக்கத்தில் போவோம், ஊசி போட்டுக்கொள்வோம், அரைத் தூக்கத்தில் வருவோம். சிறுநீர் மஞ்சள் சாயம் போலப் போகிறது என்று நான் அண்ணனிடம் சொன்னபோது, "சத்து நெரம்பி வழியுதுடா" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

அண்ணன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கச் சொல்வார்: "எங்க வூட்ல ரெண்டு பேருக்கும் சத்து கம்மியாம்ப்பா. டாக்டரே சொல்ட்டாரு. வேற ஒண்ணும் இல்ல." தெருவும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மனசு கெட்டுக் கிடந்தபோது நம் வீட்டு வாசலை மிதிக்காதவர்கள் இப்போது முருங்கைக்கீரை கொண்டு வந்தார்கள். நண்டு கொண்டு வந்தார்கள். உங்களை ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்துவிட்டுச் சொன்னாளே, அவளே நாட்டுக்கோழி முட்டை கொண்டு வந்து, "ஒடம்ப பாத்துக்கோக்கா, சத்தில்லன்னா தலைய சுத்தும்" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். பைத்தியத்துக்கும் குடிக்கும் யாரும் முட்டை தருவதில்லை.

நான் குடிக்காமல் இருந்தேன். அது உண்மை. வெள்ளை மாத்திரையின் சூடு ஏறும்போதெல்லாம் உள்ளே ஏதோ நடக்கிறது, எனக்காக யாரோ உள்ளே வேலை செய்கிறார்கள் என்று நம்பினேன். கடைப் பக்கம் கால் இழுத்தால் ஒரு வைட்டமின் சி மாத்திரையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு நடப்பேன். என் மனைவி ஒருநாள் குழந்தையைக் காட்ட வந்துவிட்டு, சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போனாள்.

மழைக்காலம் வந்தது. கடலுக்குப் போகாத நாட்களில் நான் வீட்டில் இருந்தேன். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது மழைத் தூறலில் நீங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள். கையில் துடைப்பம். பாதி வாசல் பெருக்கியிருந்தது. நான் கூப்பிட்டதும் பயந்தவர் போலத் திரும்பி, உடனே சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. கடையில் பொருள் வாங்கும்போது சிரிப்போமே, அது போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும் வழி. லாரிகள் நகரவில்லை. பஸ் இன்ஜினையே அணைத்துவிட்டார்கள். ஜன்னல் எல்லாம் மூடி, உள்ளே ஈரத் துணி வாடை. நீங்கள் என்னைப் பார்க்காமல் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். உங்க அண்ணங்கிட்ட சொல்லாத. அவுரு ரொம்ப ஆசையா கீறாரு."

"சொல்லு அண்ணி."

"மூஞ்சிதான் சூடாவுது. உள்ள ஜில்லுனுதான் கீது. மொதல்லேர்ந்தே அப்டித்தான். நீ சிரிச்சியே, அதான் நானும் சிரிச்சேன்."

நான் உங்கள் பக்கம் திரும்பினேன்.

"கொஞ்ச நாளா கடல பாத்தா பயமாகீது. வா வான்னு கூப்டுது. நேத்து முட்டி வரிக்கும் போய்ட்டேன். அப்பால அவுருக்கு சோறு வடிக்கணுமேன்னு வந்துட்டேன்."

மிகச் சாதாரணமாகச் சொன்னீர்கள். உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். அண்ணி, நான் தண்ணீரில் விழுந்த அன்று ஏன் நீந்தவில்லை என்று என்னை யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் ஏன் என்று. அதனால் உங்கள் குரல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து உங்கள் கையைப் பிடித்தேன்.

"எறங்கு அண்ணி."

"இன்னும் எண்ணூர் வர்லியே தம்பி."

"தெரியும். எறங்கு."

மழையில் லாரிகளுக்கு நடுவில் புகுந்து சாலையைக் கடந்தோம். எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறினோம். ராயபுரம் தாண்டும்வரை நீங்கள் எங்கே போகிறோம் என்று கேட்கவே இல்லை. தூங்குகிற குழந்தையைப் போல வந்தீர்கள். நான் மட்டும் உங்கள் மணிக்கட்டை விடவில்லை. பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு இளம் பெண் டாக்டரிடம் நீங்கள் பஸ்ஸில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அவர் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் வந்த வேகம் எனக்கு நினைவிருக்கிறது. சட்டை முழுக்க நனைந்து, வார்டுக்கு வெளியே என்னைச் சுவரோரம் தள்ளினார்.

"யாரக் கேட்டு இங்க இட்டுகினு வந்தே? அவளுக்கு சத்து கம்மி. அவ்ளோதான். இப்போ ஊரெல்லாம் அவள பைத்தியம்னு சொல்லும்."

"சொல்லட்டும்ணா. என்ன குடிகாரன்னு சொல்றாங்க. நா செத்தா பூட்டேன்?"

"டேய்..."

"அண்ணி முட்டி வரிக்கும் கடல்ல எறங்கிகீதுண்ணா. நேத்து."

அவர் கை என் சட்டையிலேயே இருந்தது. ஆனால் பிடி தளர்ந்துவிட்டது. "நேத்தா?" என்றார். "நேத்து எனக்கு சோறு போட்டாளேடா." அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தார். நான் அண்ணன் அழுது பார்த்ததில்லை. எங்கள் அப்பா கடலில் போனபோதும் அவர் அழவில்லை.

பெண் டாக்டர் பிறகு என்னைக் கூப்பிட்டு, என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பையைக் கொட்டிக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

"வைட்டமின் கெட்டது இல்லைங்க. குடிக்கிறவங்களுக்கு பி ஒன் ஊசி நாங்களே போடுவோம். உங்களுக்கும் இங்க போட்டிருப்பாங்க. ஆனா உங்க அண்ணிக்கு இருக்கிற நோய்க்கு இது மட்டும் போதாது. அந்த மாத்திரையை நிறுத்தினதுதான் ஆபத்தாப் போச்சு." வெள்ளை மாத்திரையைத் தனியாக நகர்த்தினார். "இதை இவ்வளவு அள்ளிப் போட்டா ஈரல் தாங்காது. நீங்க வேற குடிச்ச உடம்பு. நாளைக்கே ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

நீங்கள் வார்டில் இருந்த நாட்களும் கனவு போலத்தான். வெளியே ரயில் சத்தம், துறைமுகத்தின் சங்கு, உள்ளே உங்கள் மூச்சு. பரணில் கிடந்த கவரை அண்ணனே இறக்கிக்கொண்டு வந்து டாக்டரிடம் காட்டினார். புது மாத்திரை எழுதினார்கள். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் நீங்கள் வீங்கிய முகத்தோடு தூங்கிக்கொண்டே இருந்தீர்கள். மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் உட்கார அண்ணன் வருவார். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, முகம் தெரியாமல். அப்படி உட்கார்ந்ததாலேயே எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

என் ரத்தத்தில் ஈரல் கெட ஆரம்பித்திருப்பது தெரிந்தது. வெள்ளை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அன்றுதான் நான் உண்மையில் பயந்தேன். முகம் சூடாகாத நாளில் நான் யார்? சத்துக் குறைந்தவன் இல்லை என்றால் பழைய குடிகாரன்தானே? புயல் எச்சரிக்கையில் படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்த ஒரு மதியம், கால் தானாக ஒயின் ஷாப்புக்குப் போனது.

பாதி கிளாஸ் குடித்திருந்தேன். பக்கத்தில் இருந்தவன் என் தொடையைத் தட்டி, "மாமு, வெளிய உங்க அண்ணி நிக்கிது" என்றான். நான் நம்பவில்லை. எழுந்து பார்த்தேன். எதிர்ப் பக்கம் மின்கம்பத்தின் அடியில், காற்றில் குடை ஒரு பக்கம் மடங்கிக்கொள்ள, நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். தெருவில் நாலு பேர் பார்த்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர் நீங்கள். கடையில் இருந்த அத்தனை ஆம்பளைகளும் பேச்சை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் நகரவில்லை.

நான் கிட்டே வந்தேன். என் வாய் நாறியிருக்கும்.

"குட்ச்சி முட்ச்சிட்டியா?"

"இல்ல."

"முட்ச்சிட்டு வா. நா நிக்கிறேன். எனக்கு இன்னா வேல."

மீதியைக் குடிக்க நான் உள்ளே போகவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலையில் என் கதவைத் தட்டி, "உனக்கும் ஒரு சீட்டு போட்லாம் வா, நா போற எடத்துலயே குடிக்கும் பாக்கறாங்களாம்" என்றீர்கள். போனோம். அங்கே என்னைப் போலப் பலர் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பி ஒன் அவர்களும் கொடுத்தார்கள். சின்ன மாத்திரை, சூடாகாது, ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகும் நான் வழுக்கினேன், மறுபடி போனேன். என் மனைவி குழந்தையோடு திரும்பி வந்தபோது நீங்கள்தான் அவளுக்கு முதல் சோறு போட்டீர்கள்.

வருஷங்கள் கழித்து வலைக்காரர் ஒருவர் உங்களைப் பற்றி, "கொழுந்தன் அன்பாலதான் பொழச்சிது" என்று சொன்னது உங்கள் காதில் விழுந்தது. "கத வுடாத மாமா. மாத்திர துன்னேன், தேறுனேன்" என்றீர்கள். அவர் முகம் போன போக்கை நினைத்து நாம் வீடு வரும்வரை சிரித்தோம்.

அந்தச் சத்து டாக்டர் பிறகு அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நம்மை முதலில் மனிதராக மதித்துப் பேசியது அவர்தான். அவருடைய பேச்சுதான் உங்களைக் கடலுக்குள் இறங்கவும் விட்டது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சு வலி என்று காலையில் சொன்னீர்கள், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணன் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். படகைக் கவிழ்த்துப் போட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருப்பார். தட்டில் சோறு காய்ந்துபோகும். அவர் கண் எனக்குத் தெரிந்த கண். என்ன சொல்வது என்று தெரியாமல் நானும் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஒருநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். முகச்சவரம் செய்து பல நாளாகியிருந்தது.

"டேய், அந்த சத்து டாக்டரு இன்னும் கீறாரா?"

"அவுரு எப்பவோ பூட்டாருண்ணா."

தலையை ஆட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"இர்ந்தாலும் வாணாம். அவள இட்டுகினு போன எடத்துக்கே என்னியும் இட்டுகினு போ."

சீட்டு எழுதுகிற ஜன்னலில் ஒரு பெண் தலை நிமிராமல், "என்ன தொந்தரவு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லப் போனேன். அண்ணன் என் தோளைப் பிடித்துப் பின்னால் நகர்த்தினார். பின்னால் நின்ற வரிசை முழுவதற்கும் கேட்கிற குரலில், "மனசு சரியில்லம்மா" என்றார். "பொண்டாட்டி பூட்டா. எழுந்துக்கவே முட்ல." அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, உட்காருங்க ஐயா என்றாள்.

இப்போது அவர் மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று முன்தினம் படகை நிமிர்த்தினோம். கடலுக்குப் போகவில்லை, சும்மா நிமிர்த்திக் கழுவினோம், அவ்வளவுதான். தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "எப்டிண்ணா கீது?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "இன்னிக்கி பரவால்ல" என்றார்.

என் கை நின்றுவிட்டது. வார்டில் இருந்து வந்த நாளிலிருந்து கடைசிவரை, யார் கேட்டாலும் நீங்கள் சொன்ன பதில் அது. நல்லாயிட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் ஒருமுறை, "நல்லாயிட்டேன்னு சொல்லேன் அண்ணி" என்று கேட்டதற்கு, "அது பெரிய பேச்சு தம்பி, இன்னிக்கி பரவால்ல, அத்த வச்சி இன்னிக்கி ஓட்டிக்கலாம்" என்றீர்கள். அண்ணனும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. தன் வாயில் வந்தது யாருடைய சொல் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் படகைக் கழுவி முடித்தோம்.

மகள் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். வாசனை இன்னும் கூடத்தில் இருக்கிறது. வெளியே கழிமுகத்தில் பனி கலைந்துகொண்டிருக்கிறது. என் மனைவி உள்ளேயிருந்து, "இன்னா, காலீல இருந்து எழுதிகினே கீறே, ஒடம்பு நல்லாகீதா?" என்று கேட்கிறாள்.

இன்னிக்கி பரவால்ல என்று சொல்லியிருக்கிறேன், அண்ணி.